கோட்டைத் தொட்ட பந்து: ஒரு மகளின் கண்ணியமும் ஒரு தந்தையின் பெருமிதமும்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய நிகழ்வு ஆய்வு இது. படிவம் நான்கில் பயின்ற பதினாறு வயது மாணவி ஒருத்தி, பள்ளிகளுக்கிடையிலான மாவட்டப் பூப்பந்துப் (பேட்மிண்டன்) போட்டியில், தவறான தீர்ப்பொன்றில் முடிந்த ஆட்டத்தில் தோற்றாள். தோல்வியைக் காட்டிலும் அவள் அதை எதிர்கொண்ட விதமே பின்னர் உறவினர் வட்டத்திலும் தந்தையின் பணியிடத்திலும் திரும்பத் திரும்பப் பேசப்பட்டது. பேசியவர் பெரும்பாலும் தந்தைதான். மகளைப் பற்றி அவர் கொண்ட பெருமிதம் உண்மையானது, காரணமுள்ளதும்கூட. ஆனால் சில மாதங்களுக்குள் அதுவே மகளுக்குச் சுமையாகி, அவளை என் அறைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. வழிகாட்டி ஆலோசக ஆசிரியராக இருந்த காலத்தில் திட்டு வாங்கி வாடிய பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். பாராட்டு வாங்கி வாடிய பிள்ளையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால், குடும்பத்தாரின் ஒப்புதலோடு இதைப் பதிவு செய்கிறேன். பெயர்களையும் பள்ளிகளையும் ஆண்டையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

குடும்பமும் பின்னணியும்

தந்தை பிறை தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புத் தொழில்நுட்பராகச் சுழல்முறை வேலை செய்பவர். நிபோங் தெபால் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு பெற்றோருடன் நகரத்துக்கு வந்த தலைமுறையைச் சேர்ந்தவர். தாய் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளர். மகளுக்கு அடுத்து ஒரு மகன்.

மகள் தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போதே தாமான் (குடியிருப்புப் பகுதி) திறந்தவெளித் தளத்தில் மட்டை பிடிக்கத் தொடங்கினாள். காற்று வீசினால் திசை மாறிப் போகும் இறகுப்பந்தைத் துரத்திப் பழகியவளுக்கு, இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகுதான் கூரையுள்ள மண்டபத்தில் ஒழுங்காக ஆட வாய்த்தது. மணிக்கணக்கில் வாடகை கொடுத்து மண்டபம் எடுப்பது, அறுந்த மட்டைக்கு நரம்பு மாற்றுவது, போட்டி நாட்களில் வேலையைத் தோழரிடம் மாற்றிக்கொள்வது ஆகியவற்றைத் தந்தை முணுமுணுக்காமல் செய்துவந்தார்.

இதில் விளையாட்டு ஆசை மட்டுமல்ல, ஒரு கணக்கும் இருந்தது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு விளையாட்டு, மன்றங்கள் போன்ற புறப்பாடத்துக்கும் உரியது என்பதும், புறப்பாட மதிப்பீட்டில் மாவட்ட நிலையை விட மாநில நிலைக்குப் புள்ளி கூடுதல் என்பதும் படிவம் ஐந்தின் இறுதியில் வரும் அரசுத் தேர்வான எஸ்பிஎம் எழுதப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் எல்லாருக்கும் மனப்பாடம். தனியார் கல்லூரிக் கட்டணத்தை நினைத்துப் பார்க்கவே முடியாத ஒரு குடும்பத்துக்கு, மாநிலப் போட்டியில் ஆடுவது சுவரில் மாட்டும் பதக்கத்தோடு முடிந்துவிடும் காரியமன்று. அன்றைய அரையிறுதியில் வென்றிருந்தால் மாவட்டக் குழுவில் இடம் ஏறக்குறைய உறுதி. அதனால்தான் அன்று நடந்ததைச் சிறு விஷயம் என்று தள்ள எனக்கு மனமில்லை.

ஆட்டம்

போட்டியை ஏற்று நடத்திய பள்ளியின் மாணவியே எதிர் ஆட்டக்காரி. முதல் இரண்டு சுற்றுகளை ஆளுக்கொன்றாக வென்றிருந்தார்கள். மூன்றாம் சுற்றில் எண்ணிக்கை 20–19 என எதிராளிக்குச் சாதகமாக இருந்தபோது, நம் மாணவி பின்கோட்டை நோக்கி ஓங்கி அடித்தாள். பந்து கோட்டின் மேல் விழுந்தது. பூப்பந்து விதிப்படி கோட்டைத் தொட்டாலே பந்து உள்ளேதான். அவளுக்கு ஒரு புள்ளி கிடைத்து 20–20 ஆகியிருக்க வேண்டும். ஆனால் பின்கோட்டுக்கு நேராக நாற்காலியில் அமர்ந்திருந்த கோட்டு நடுவர் இரு கைகளையும் விரித்து வெளியே என்று காட்டினாள். அவளும் அதே பள்ளியின் மாணவி. பதினான்கு வயது இருக்கும். ஆட்டம் 21–19 என்று முடிந்தது.

இங்கே இரண்டு விவரங்களைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, தீர்ப்பு சரியாக இருந்திருந்தாலும் மாணவி வென்றிருப்பாள் என்று சொல்ல முடியாது. 20–20க்குப் பிறகு இரண்டு புள்ளி முன்னே போனவருக்குத்தான் வெற்றி (29–29 வரை இழுத்தால் அடுத்த புள்ளியை எடுப்பவருக்கு). அவளிடமிருந்து பறிபோனது வெற்றி அன்று, வெல்வதற்கான வாய்ப்பு. தந்தை பின்னாளில் சொன்ன கதையில் இந்த வேறுபாடு கரைந்து போயிற்று.

இரண்டாவது, கோட்டு நடுவரின் வேலை வெளியிலிருந்து பார்ப்பதை விடக் கடினமானது. கண்ணைக் கோட்டின் மீதே பதித்து, பந்து அங்கே வந்து விழக் காத்திருக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் பந்தைப் பின்தொடர்வார்கள். அடி வேகமாக இருந்தால் பார்வை கோட்டுக்கு வந்து சேருவதற்குள் பந்து விழுந்து எழும்பிவிடும். பார்க்கத் தவறிவிட்டால் இரு கைகளாலும் கண்களை மூடிக் காட்ட வேண்டும் என்று விதிமுறையில் தனிச் சைகையே உண்டு. அப்படிக் காட்டி, ஆட்டத்தை நடத்தும் முதன்மை நடுவரான நாற்காலி நடுவராலும் முடிவு செய்ய முடியாமல் போனால் அந்தப் புள்ளி மறுபடி ஆடப்படும். ஆனால் தன் பள்ளி அக்கா வெற்றிக்கு ஒரு புள்ளி தூரத்தில் நிற்கும்போது, சொந்தப் பள்ளி மண்டபமே ஆர்ப்பரிக்கும்போது, கண்ணை மூடிக் காட்டும் துணிச்சல் எத்தனை பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வரும்?

நம் மாணவி படிவம் இரண்டில் ஒரு போட்டியில் கோட்டு நடுவராக அமர்ந்தவள். இந்த நிகழ்வில் அவளுடைய நடத்தையைப் புரிந்துகொள்ள எனக்கு மிகவும் உதவிய தகவல் இதுதான். தன் எதிரே கை விரித்த சிறுமி ஏமாற்றவில்லை, பார்க்கவில்லை என்பது அவளுக்கு அந்த நொடியிலேயே தெரிந்திருந்தது. அவளுடைய கண்ணியத்தை எல்லாரும் குணம் என்றார்கள். குணம்தான், ஆனால் அதற்குள் அந்த நாற்காலியில் உட்கார்ந்த அனுபவமும் இருந்தது.

மண்டபத்தில் நடந்தது

மாணவி முதலில் செய்தது நடுவரிடம் சென்று கேட்டது. மலாய் மொழியில், மரியாதையாக, பந்து கோட்டில் பட்டது என்றும் கோட்டு நடுவரை இன்னொருமுறை கேட்க இயலுமா என்றும் கேட்டாள். நடுவர் திரும்பி அந்தச் சிறுமியைப் பார்த்தார். சிறுமி மறுபடியும் கைகளை விரித்தாள். கோட்டு நடுவரின் தீர்ப்பு ஐயத்துக்கு இடமின்றித் தவறு என்று தெரிந்தால் நாற்காலி நடுவர் அதை மாற்ற வேண்டும் என்று விதி சொல்கிறது. தெரியாவிட்டால் கோட்டு நடுவர் சொன்னதே முடிவு. நடுவர் மாற்றவில்லை. மாணவி எதிராளிக்குக் கைகொடுத்தாள், நடுவருக்குக் கைகொடுத்தாள், பையை எடுக்கப் போனாள்.

அதற்குள் மேல்தளப் பார்வையாளர் வரிசையிலிருந்து நம் பக்கத்துப் பெற்றோர் சிலர் கீழே இறங்கிவிட்டார்கள். அவர்களுடைய கோபம் நடுவரிடம் போகவில்லை, போட்டி நிர்வாகியிடமும் போகவில்லை. நாற்காலியில் இன்னும் எழாமல் இருந்த அந்தச் சிறுமியிடம் போயிற்று. கண் இல்லையா என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் அவளுடைய இனத்தைச் சொல்லி ஒரு வார்த்தை விட்டார். மாணவி பையைக் கீழே வைத்துவிட்டு அவர்களுக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவில் போய் நின்று, "ஆன்ட்டி, அவகிட்டப் பேசாதீங்க. விளையாடினது நான். பேச வேண்டியதை நான் நடுவர்கிட்டப் பேசிட்டேன்" என்றாள். பிறகு சிறுமியிடம் திரும்பி மலாயில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்டபோது, தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டதாகச் சொன்னாள்.

இன்னொன்றும் நடந்தது. பெற்றோர் ஒருவர் கைப்பேசியில் ஆட்டத்தைப் பதிவு செய்திருந்தார். பந்து கோட்டில் விழுவது அதில் ஐயமறத் தெரிந்தது. மாலைக்குள் அந்தக் காணொளி பெற்றோரின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்கு வந்துவிட்டது, முகநூலில் ஏற்றலாம் என்ற பேச்சும் கிளம்பியது. காணொளியில் சிறுமியின் முகம் தெளிவாகத் தெரிந்தது. மாணவி தந்தையிடம் அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஏற்கெனவே சிலருக்கு அனுப்பியிருந்த தந்தை, அவர்களை ஒவ்வொருவராக அழைத்து நீக்கச் சொன்னார். இந்தச் சிறு வேலையைப் பற்றி யாரும் அவரைப் பாராட்டியதாகத் தெரியவில்லை. என் கணக்கில் அந்த வாரத்தில் பெரியவர்கள் செய்த காரியங்களில் உருப்படியானது இது ஒன்றுதான்.

விளையாட்டுக் கோபம் எல்லை தாண்டினால் எங்கே போய் நிற்கும் என்பதை நம் நாட்டவர் பார்த்திருக்கிறோம். 2021இல் நடந்த தோக்கியோ பாராலிம்பிக்கில் நம் குண்டு எறிதல் வீரர் முகமட் சியாட் சொல்கெப்லி 17.94 மீட்டர் எறிந்து முதலிடம் பெற்றும், போட்டிக்கு முன் ஆட்டக்காரர்கள் கூடும் அறைக்குத் தாமதமாக வந்தார் என்ற காரணத்தால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். தங்கம் உக்ரேன் வீரருக்குப் போனது. நம்மவர்களின் ஆற்றாமையைப் புரிந்துகொள்ள முடிந்தது. ஆனால் உக்ரேன் தரப்பின் சமூக ஊடகப் பக்கங்களில் நம்மவர் பலர் கொட்டிய வசை, சியாட்டுக்கு எதையும் மீட்டுத் தரவில்லை. செபராங் பிறையின் ஒரு பள்ளி மண்டபத்தில் அதே காட்சி சிறிய அளவில் அரங்கேறவிருந்தது, ஒரு பதினாறு வயதுப் பெண் குறுக்கே நின்றதால் நின்றுபோயிற்று.

எதிர்ப்பு மனு பற்றியும் சொல்ல வேண்டும். அப்போட்டியின் விதிப்படி, முறையீடு எதுவானாலும் குழு நிர்வாகியான ஆசிரியர்தான் எழுத்தில் கொடுக்க முடியும். அவர் கொடுக்கவில்லை. "விடுங்க, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார். படிவம் நான்கில் இருக்கும் பிள்ளைக்கு அடுத்த வருடம் என்று இருப்பது ஒன்றே ஒன்று என்பதை அவர் யோசித்தாரா என்று தெரியவில்லை. கோட்டுத் தீர்ப்பை மனு மாற்றியிருக்காது என்பது உண்மை. ஆனால் ஆட்டக்காரியின் சொந்தப் பள்ளி மாணவியைக் கோட்டில் உட்கார வைத்த ஏற்பாட்டைக் கேள்வி கேட்க அந்த மனு இடம் கொடுத்திருக்கும். மாணவி தன் அளவில் கேட்க வேண்டியதைக் கேட்டாள். அவள் சார்பில் கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. இந்த நிகழ்வில் எனக்குக் கோபம் வந்த ஒரே இடம் இது.

தந்தை சொன்ன கதை

தந்தை அதிகம் பேசாதவர். ஆனால் அந்தப் போட்டிக்குப் பிறகு வந்த வாரங்களில் அவரைப் பேச்சாளர் என்றே சொல்லலாம் எனத் தாய் சிரித்துக்கொண்டே கூறினார். தொழிற்சாலைச் சிற்றுண்டிச் சாலையில் சொன்னார், கோயில் திருவிழாக் கூட்டத்தில் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டுச் சாப்பாட்டில் சொன்னார். அநியாயமாகத் தோற்கடித்தார்கள், என் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை, சிரித்த முகத்தோடு கைகொடுத்துவிட்டு வந்தாள்: இதுதான் கதையின் வடிவம். அத்தை ஒருவர் ஒவ்வொரு முறையும் "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று முடித்துவைப்பார். (இந்தப் பழமொழியை, வென்றவரிடம் யாராவது சொல்லி நான் கேட்டதில்லை.)

அவர் ஏன் இதில் இவ்வளவு ஒன்றிப்போனார் என்பதற்கு அவரே ஒரு காரணம் சொன்னார். இருபத்தைந்து வயதில், முதல் தொழிற்சாலையில், தான் சரிசெய்த இயந்திரத்துக்கான பாராட்டும் பதவி உயர்வும் மேற்பார்வையாளருக்கு வேண்டிய இன்னொருவருக்குப் போனபோது, பாதுகாப்புத் தொப்பியை மேசை மீது வீசிவிட்டு வெளியேறினாராம். அந்த ஊதியத்தை இன்னொரு இடத்தில் மறுபடி எட்டப் பல வருடங்கள் பிடித்தன. "எனக்கு வராதது என் பிள்ளைக்கு வந்திருக்கு சார். அதைச் சொல்லாம இருக்க முடியலை" என்றார். மகள் கண்ட வெற்றிகளை அவர் இப்படிச் சொல்லித் திரிந்ததில்லை. வெற்றிக்கு மட்டை, மண்டபம், பயிற்றுநர் என்று பங்கு கேட்கப் பலர் உண்டு. அன்று கைகொடுத்த மகளோ முழுக்க முழுக்கத் தன் வீட்டில் வளர்ந்த பிள்ளை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பெற்றவர்களுக்கு இதை விடப் பெரிய மகிழ்ச்சி வேறு எதில் கிடைக்கும் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் கதை சொல்லச் சொல்ல வழவழப்பாகிக்கொண்டே போனது. மாணவி நடுவரிடம் கேட்டது அதில் இல்லை. பெற்றோருக்குக் குறுக்கே நின்றது ஓரமாக வந்து, பிறகு அதுவும் மறைந்தது. எஞ்சியது வாய் திறக்காத, சிரித்த முகமுள்ள ஒரு பெண். வீட்டில் அந்தப் பெண்ணோடு மாணவி ஒப்பிடப்படத் தொடங்கினாள். தம்பி அவளுடைய குறிப்பேட்டைக் கிழித்தபோது அவள் கத்தினாள்; "அன்னைக்கு அவ்வளவு பெரிய விஷயத்துக்கே பேசாம வந்தே, இதுக்குப் போயா?" என்றார் தாய். குழு வேலையில் தோழி தன் பங்கைச் செய்யாமல் அவள் தலையில் கட்டியபோது ஆசிரியரிடம் முறையிட நினைத்தாள். நம்ம பெயர் கெட்டுவிடுமோ என்று தயங்கி, இரவெல்லாம் விழித்துத் தானே முடித்தாள். அதன் பிறகுதான் என் அறைக்கு வந்தாள்.

அறையில்

முதல் சந்திப்பில் பூப்பந்தைப் பற்றியே அவள் பேசவில்லை. தூக்கம் வரவில்லை என்றாள், கவனம் இல்லை என்றாள். பேச்சு வீட்டுப் பக்கம் வந்தபோது சட்டென்று, "சார், நான் சும்மா வரலை. நான் கேட்டேன். அப்பா சொல்ற கதையில அது வர்றதே இல்லை" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

அந்த அழுகையில் தோல்வியின் வருத்தம் குறைவு என்பதே என் மதிப்பீடு. தோல்வி அவளுக்கு ஆறிவிட்டது. தான் செய்ததில் தனக்கே மிகவும் பிடித்த பகுதியை, மண்டபம் முழுக்க எதிராக இருந்தபோது நடுவர் முன் போய் நின்று கேட்ட அந்தப் பகுதியை, தந்தை வேண்டுமென்றே வெட்டிவிட்டார் என்று அவள் நினைத்தாள். பெண்பிள்ளை வாதாடியதைச் சொல்ல அப்பாவுக்கு வெட்கமாக இருக்கிறதோ என்ற ஐயமும் அவளுக்குள் இருந்தது. தன்னை இவ்வளவு புகழும் அப்பாவிடம் இதை எப்படிக் கேட்பது?

தந்தையை வரவழைத்து இருவரையும் ஒன்றாக அமர வைத்தேன். மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். தந்தை குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் சொன்னது நான் எதிர்பாராதது: "நீ கேட்டியா? எனக்குத் தெரியாதும்மா. நான் மேலே உட்கார்ந்திருந்தேன். நீ கைகொடுக்கிறதுதான் எனக்குத் தெரிஞ்சுது."

அவர் எதையும் வெட்டவில்லை. மேல்தளத்திலிருந்து பார்த்தவருக்கு மகளின் முதுகு தெரிந்தது, குரல் கேட்கவில்லை. நடுவரின் நாற்காலி அருகே அவள் நின்ற சில நொடிகளை வழக்கமான கைகுலுக்கலின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். கீழே இறங்கிய பெற்றோரோடு அவர் இறங்கவில்லை; தன் கோபத்தைத் தானே நம்பாதவர் என்பதால் இருக்கையை விட்டு எழாமல் இருந்திருக்கிறார். மகளும் அன்று வண்டியில் வீடு திரும்பும்போது எதுவும் சொல்லவில்லை. கேட்டது அவ்வளவு இயல்பான காரியமாகத் தோன்றியதால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லையாம். ஆக, மாதக்கணக்கில் ஒரே வீட்டில் இரண்டு வெவ்வேறு ஆட்டங்கள் நினைவில் ஓடிக்கொண்டிருந்தன.

என்ன கேட்டாய், எந்தச் சொற்களில் கேட்டாய், நடுவர் என்ன சொன்னார் என்று தந்தை அதன் பிறகு ஒவ்வொன்றாக விசாரித்தார். அவருடைய முகத்தில் அப்போது தெரிந்ததும் பெருமிதம்தான், முன்னதை விடக் கூடுதலாகவே.

பிறகு நான் அவர்களுக்கு அமெரிக்க பேஸ்பால் ஆட்டமொன்றில் நடந்ததைச் சொன்னேன். 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட் அணிக்காகப் பந்து வீசிய ஆர்மாண்டோ கலராகா, எதிரணியின் மட்டையாளர்களை இருபத்தாறு முறை வரிசையாக, ஒருவரைக் கூட முதல் தளத்தை அடைய விடாமல் வெளியேற்றியிருந்தார். இருபத்தேழாவதாக மட்டை பிடித்தவரையும் வெளியேற்றினால் அந்த ஆட்டத்தில் மிக அரிதான சாதனை. அவரும் ஆட்டமிழந்தார், ஆனால் நடுவர் ஜிம் ஜாய்ஸ் தவறாகக் கணித்து, ஆட்டமிழக்கவில்லை என்று அறிவித்தார். கலராகா புன்னகைத்துவிட்டு அடுத்த பந்தை வீசப் போனார். ஆட்டம் முடிந்து பதிவைப் பார்த்த ஜாய்ஸ் தன் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு வருந்தினார். மறுநாள் ஆட்டத்துக்கு முன் கலராகா அணிப்பட்டியலை அவரிடம் கொடுக்க, ஜாய்ஸ் கண்களைத் துடைத்துக்கொண்டார். இதுவரை பலருக்கும் தெரியும். முடிவு மாற்றப்படவே இல்லை என்பதும், அந்த லீக்கில் பதிவைப் பார்த்து நடுவர் தீர்ப்பை மறுஆய்வு செய்யும் முறை 2014இல் பெரிதும் விரிவாக்கப்பட்டது என்பதும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. இந்த இரண்டு செய்திகளுக்காகத்தான் நான் அதைச் சொன்னேன். ஆட்டக்காரரின் பெருந்தன்மையைப் போற்றியதோடு அங்கே காரியம் முடிந்துவிடவில்லை. அதே போன்ற தவறு இன்னொருவருக்கு நேராதிருக்க விதியும் மாற வேண்டியிருந்தது. இன்னொன்று, கலராகாவுக்கு எதிரே தவற்றை ஒப்புக்கொள்ள ஒரு மனிதர் இருந்தார். நம் மாணவிக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. நடுவரோ, போட்டி நடத்தியவர்களோ, அவள் பள்ளியின் குழு நிர்வாகியோ அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதில் கிடைக்காத பெருந்தன்மையைச் சுமப்பது அதிகக் கடினம் என்பதைப் பெரியவர்கள் மறந்துவிடுகிறோம்.

அநியாயம் யார் செய்தது என்ற கேள்விக்கும் அன்று அந்த அறையில் ஒரு தெளிவு கிடைத்தது. தந்தையின் கதையில் அது எதிர்ப்பள்ளி. புலனக் குழுவில் அது அந்தச் சிறுமி. மகள் சொன்ன விடை வேறு. தன் பள்ளி அக்காவின் ஆட்டத்துக்குத் தன்னைக் கோட்டு நடுவராகப் போடச் சொல்லி அந்தச் சிறுமி கேட்டிருக்க மாட்டாள் என்றாள். உள்ளே என்று காட்டியிருந்தால் நண்பர்களிடம் திட்டு, வெளியே என்று காட்டியதால் எங்களிடம் திட்டு. "அவளுக்கும் நடந்தது அநியாயம்தானே சார்?"

கடிதம்

தந்தை ஒரு கடிதம் எழுதினார். நான் மலாய் நடையைச் சரிபார்த்துக் கொடுத்தேன். ஆட்டத்தின் முடிவை மாற்றக் கோரவில்லை. ஆட்டக்காரர்களின் பள்ளிகளைச் சேராத மாணவர்களையே கோட்டு நடுவர்களாக அமர்த்த வேண்டும், அமர்த்துமுன் அவர்களுக்கு ஒரு சிறு பயிற்சியாவது தர வேண்டும், பார்க்கத் தவறினால் அதைக் காட்டும் சைகையைச் சொல்லித்தர வேண்டும் என்பவையே கோரிக்கைகள். கடைசிக் கோரிக்கை மகள் சேர்த்தது. வரைவில் தந்தை எழுதியிருந்த ஒரு வாக்கியத்தை அவள் அடித்தும் விட்டாள். போட்டியை ஏற்று நடத்திய பள்ளி வேண்டுமென்றே இப்படிச் செய்தது என்று பொருள்படும் வாக்கியம் அது. அதற்கு நம்மிடம் ஆதாரம் இல்லை என்றாள். தந்தை சிறிது நேரம் வாதிட்டுவிட்டு விட்டுக்கொடுத்தார்.

அத்தையும் வேறு சில உறவினர்களும் கடிதத்தை விரும்பவில்லை. இவ்வளவு நாள் பொறுமை என்று சொல்லிவிட்டு இப்போது புகார் எழுதினால் பெயர் போகாதா என்பது அவர்கள் கேள்வி. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பிள்ளை களத்தில் கண்ணியமாக நடந்துகொண்டது, பெரியவர்கள் களத்துக்கு வெளியே செய்ய வேண்டியதைச் செய்யாதிருக்கக் காரணமாகிவிடக் கூடாது. இந்த நாட்டில் நம் பிள்ளைகள் பலவற்றுக்கும் பொறுத்துப் போகப் பழக்கப்படுத்தப்படுகிறார்கள். பொறுத்ததைப் பாராட்டுவது நமக்குச் செலவில்லாத காரியம். கடிதம் எழுத நேரமும் துணிவும் வேண்டும், சிலரது முகச்சுளிப்பையும் தாங்க வேண்டும். தந்தை அந்தச் செலவை ஏற்றார் என்பதால் மகளின் கண்ணியம் குறைந்துவிடவில்லை. தான் அமைதியாகக் கேட்ட அதே கேள்வியை அப்பாவும் கேட்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவளுடைய தூக்கம் சீரானதும் ஏறக்குறைய அந்த வாரங்களில்தான்.

கடிதத்துக்கு எழுத்தில் பதில் வரவில்லை. கவனத்தில் கொள்கிறோம் என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னார். மறு ஆண்டு அரையிறுதி முதல் கோட்டு நடுவர்கள் வேறு பள்ளிகளிலிருந்து வந்தார்கள். அதற்கு முந்திய சுற்றுகளில் பழைய வழக்கமே தொடர்ந்தது. கடிதத்தால்தான் இந்த மாற்றம் என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். வேறு பெற்றோரும் முறையிட்டிருக்கலாம். படிவம் ஐந்தில் அதே போட்டியில் ஆடிய மாணவி காலிறுதியில், எந்தத் தகராறும் இல்லாமல், தன்னை விடத் திறமையான ஒருத்தியிடம் நேர் சுற்றுகளில் தோற்றாள். அவளுடைய புறப்பாடப் பதிவு மாவட்ட நிலையிலேயே நிற்கிறது. எஸ்பிஎம் முடித்து இப்போது பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பான ஆறாம் படிவத்தில் இருக்கிறாள்.

தந்தை இன்னும் கதை சொல்கிறார். அதில் இப்போது மகள் நடுவரிடம் கேட்பது வருகிறது, என்ன கேட்டாள் என்பது சொல்லுக்குச் சொல் வருகிறது, 20–20 ஆகியிருக்கும் என்ற கணக்கு வருகிறது, கடிதமும் வருகிறது. கதை நீண்டுவிட்டதால் சிற்றுண்டிச் சாலையில் ஓய்வு நேரத்துக்குள் முடிவதில்லை என்று அவரே குறைப்பட்டுக்கொண்டார். அத்தைக்கு இந்தப் புதிய வடிவம் அவ்வளவாகப் பிடிக்கவில்லையாம். பழமொழியை எந்த இடத்தில் சொல்வது என்று தெரியவில்லை என்கிறார்.